சுழி நடந்த காளை

ஊஞ்சவலசில் பொங்கியண்ணன் பசுக்களோடு சேர்க்க வளர்த்த பூச்சிக்காளைக்கு இடுப்பில் இருந்த சுழி ஒரு வைகாசிக் காலையில் இடம் மாறி வலது விலாவுக்கு வந்து நின்றபோது, அதை முதலில் பார்த்த பொங்கியண்ணன், தொட்டியில் பாதி ஊற்றியிருந்த குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, கிட்டே போய் மயிரை விரலால் விலக்கிப் பார்த்து, நேற்று வரைக்கும் சுழி கிடந்த இடத்தையும் தடவிப் பார்த்து, அங்கே மயிர் நேராகப் படிந்து கிடப்பதைக் கண்டு, சரி என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மீதித் தண்ணீரை ஊற்றினான். மறுநாள் அது கழுத்துக்கு வந்தது. அதற்கு மறுநாள் முன்னங்கால் சப்பைக்கு இறங்கியது.

சுழி என்பது மாட்டின் தோலில் மயிர் சுற்றிக் கிடக்கிற ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான். ஆனால் ஏலத்துக்கு நிற்கிற காளைக்குக் கொம்பு எப்படி வளைந்திருந்தாலும், திமில் எப்படிச் சாயாமல் நின்றாலும், குளம்பும் பல்லும் தோலும் நடையும் ஒன்றுக்கொன்று குறைவில்லாமல் இருந்தாலும், அதன் அப்பன் எந்தப் பட்டியில் பிறந்தது, ஆத்தாள் எவ்வளவு கறந்தது என்று வாய் வலிக்கச் சொன்னாலும், வாங்க வந்தவன் கடைசியில் ஒரு சுற்றுச் சுற்றிவந்து சுழி எங்கே கிடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பான். நெற்றியில் கிடந்தால் ராஜ சுழி, சொன்ன விலை. இடுப்பில், வாலுக்கு ஒரு சாண் முன்னால் கிடந்தால் பெண்டிழந்தான் சுழி, கட்டினவன் பெண்டாட்டியைத் தின்றுவிடும், கறிக்கடைக்காரன்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கேட்பான்.

பொங்கியண்ணன் அந்தக் காளையைக் கன்றாக இருக்கும்போது வாங்கினதே அந்தச் சுழியால்தான். தாவணியில், மாட்டுச் சந்தையைக் கொங்கு நாட்டில் அப்படித்தான் சொல்வார்கள், ஒருத்தரும் தொடாமல் ஒதுக்கி நிறுத்தியிருந்த கன்றை அவன் அம்மா பார்த்து, "இல்லாத பொண்டாட்டிய எங்கிருந்துடா இழக்கறது, புடிச்சுட்டு வா," என்று சொன்னாள். அப்போது அவனுக்கு முப்பது வயதிருக்கும். ரெண்டொரு வருசத்தில் கல்யாணம் ஆகிவிடும், அதற்குள் காளையை விற்றுவிடலாம் என்று அம்மா நினைத்தாள். பெண் கேட்டுப் போன வீடுகளில் எல்லாம், பையன் என்ன பண்றாருங்க என்று ஒரு கேள்வி வந்தது. காடு தோட்டம் மாடுகன்னு என்று பதில் சொன்னதும் இரண்டாவது கேள்வி வரவில்லை. பெண்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் அதற்கப்பாலும் வாழ்க்கைப்பட்டுப் போனார்கள். காளை வளர்ந்து, சுற்றுவட்டாரத்துக் கட்டுத்தரைகளில் பாதிக்கு மேல் அதன் கன்றுகள் துள்ளின. அம்மா போய்ச் சேர்ந்தாள். அந்தச் சுழிதான் அவனைக் குடும்பம் ஆகவிடாமல் பண்ணுகிறது என்று ஊரில் பேசினார்கள், பேசிவிட்டு அவரவர் பசுவை அதே காளைக்கு ஓட்டிவந்தார்கள்.

சுழி எதனால் நடக்கிறது என்பது பொங்கியண்ணனுக்கு அந்த வாரமே தெரிந்துபோயிற்று. பொழுது இறங்கினதும் அவன் கட்டுத்தரையில் ஒரு பலகையைப் போட்டு, காளையை ஒட்டி உட்கார்ந்து, அதன் உடம்பில் ஏதாவதொரு இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அன்றைக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருப்பான். கிணற்று மோட்டார் ஓடாமல் நின்றதை, மாடு மேய்கிற கொறங்காட்டில் மயில் முட்டை வைத்திருந்ததை, தங்கச்சி போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டுப் பண்ணாததை. கை எங்கே கிடந்ததோ மறுநாள் சுழி அங்கே கிடந்தது. அவன் அதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தினமும் இந்நேரத்துக்கு நீ காளைமேல் கை வைத்துக்கொண்டு என்ன பேசுகிறாய் என்று கேட்பார்கள்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் வேறு. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்து பார்த்து, தோல் பூச்சியாக இருக்கும் என்று ஒரு மருந்தைச் சொல்லிவிட்டுப் போய், நாலு நாள் கழித்து வந்து சுழி தாடையில் இருப்பதைப் பார்த்து, மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தன் வண்டியை அன்றைக்கு விற்கலாமா வேண்டாமா என்று சுழியைப் பார்த்துச் சொல்லும்படி மாரியம்மன் கோயில் பூசாரியைக் கேட்டார். தரகர்கள் டீக்கடையில் கூடி, இப்படி நடக்கிற சுழிக்கு விலை வைப்பது எப்படி என்று பகலெல்லாம் பேசி, பசுவைக் காளைக்கு விடுகிற நேரத்தில் சுழி எங்கே இருக்கிறதோ அதுதான் பிறக்கப்போகிற கன்றுக்குக் கணக்கு என்று முடிவு பண்ணினார்கள். அதிலிருந்து பசுக்காரர்கள் நல்ல இடத்துக்குச் சுழி வரட்டும் என்று காத்திருக்க, பருவத்துக்கு வந்த பசுக்கள் காத்திருக்காமல் கத்த, ஊஞ்சவலசில் யாரும் பகலில் தூங்கவில்லை. பிறகு மாடில்லாதவர்களும் வந்தார்கள். போர் போடப்போகிறவர்கள் வந்தார்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், வெளிநாட்டுக்குப் போகிறவன் பெட்டியோடு வந்து பார்த்துவிட்டுப் பெட்டியோடு வீட்டுக்கே திரும்பினான். மினிபஸ் கண்டக்டர் ஊர்ப்பேரை விட்டுவிட்டு, சுழிக்காளை எறங்கு என்று கூவினார். கட்டுத்தரைக்கு வெளியே ஒருத்தி போண்டாச் சட்டி வைத்தாள்.

பொங்கியண்ணன் விடியுமுன்னே சாணி அள்ளி வாசல் கூட்டி, வருகிறவர்களுக்குக் குடிக்கக் குடத்தில் தண்ணீர் வைத்தான். குழந்தையில்லாத பெண் ஒருத்தி மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனால், அன்று சாயங்காலம் முழுக்கக் கையைக் காளையின் நெற்றியிலேயே வைத்துக்கொண்டிருப்பான், கொம்புக்கு நடுவில் கை வைத்திருப்பது தோள்பட்டையைக் கடுக்கும் என்றாலும். அவள் வந்து பார்த்து அழுது கும்பிட்டுவிட்டுப் போவாள். வந்தவர்கள் எல்லாரும் காளையைப் பார்த்தார்கள், காளையைப் பற்றிப் பேசினார்கள், காளையின் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவனை, கொஞ்சம் தள்ளி நில்லுங்க மறைக்குது என்று சொன்னார்கள். கூட்டம் போனபிறகு பாதையில் கொஞ்ச நேரம் பேச்சுச் சத்தம் கேட்கும், அப்புறம் அதுவும் தேய்ந்து, கிளுவை வேலிக்கு இந்தப் பக்கம் காளை அசைபோடுகிற சத்தம் மட்டும் மிஞ்சும். முன்பு யாரும் வராமலிருந்த காலத்தில் இந்தச் சத்தம் இவ்வளவு பெரிதாகக் கேட்டதில்லை என்று அவனுக்குத் தோன்றும்.

ராக்கியப்பன் தை மாதத்தில் வந்தார். அவர் மாட்டுத் தரகும் பார்ப்பார், கல்யாணத் தரகும் பார்ப்பார். இரண்டுக்கும் ஒரே பை, ஒரே சைக்கிள் இருந்து, இப்போது ஒரே மொபட். பொங்கியண்ணனுக்குப் பல வருசமாகப் பெண் பார்த்துப் பார்த்து அவருக்கே சலித்திருந்தது.

"அப்புனு, உடுமலப் பக்கம் ஒரு எடம் வந்திருக்குது," என்றார். "அர்த்தநாரின்னு பேரு. ஒரே புள்ளை, வனிதாமணி. பால் சொசைட்டில வேல. வயசு முப்பத்தஞ்சு தாண்டிருச்சு, அவியளும் தேடித் தேடி அலுத்துட்டாங்க. காடு இருந்தாப் பரவால்லைன்னுட்டாங்க."

"அப்படிங்களா," என்றான் பொங்கியண்ணன்.

"காளைதான் யோசனை. இந்தச் சுழிப் பேச்சு அங்க வரைக்கும் போயிருக்குது. அர்த்தநாரி என்ன சொல்றாருன்னா, சித்திரைத் தாவணியில காளைய ஏலத்துல உட்றோணும். அன்னைக்குச் சுழி நல்ல எடத்துல நின்னு, நல்ல கைக்குப் போச்சுன்னா, அங்கயே வெத்தல பாக்கு மாத்திக்கலாம்ங்கறாரு. இல்லீன்னா மாரியாத்தா உத்தரவில்லைன்னு போயிருவாராம்."

பொங்கியண்ணன் காளையைப் பார்த்தான். அது சோளத்தட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. "சரிங்க," என்றான்.

அர்த்தநாரியும் மகளும் வீடு பார்க்க வந்தது சொல்லியிருந்த தேதிக்கு ஒரு நாள் முந்தி. கோயிலுக்கு வந்தவர்கள், இவ்வளவு தூரம் வந்தோம், எட்டிப் பார்த்துவிட்டுப் போவோம் என்று பொழுது இறங்குகிற நேரத்தில் காரைத் திருப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணும் கூட வருகிற வழக்கம் இல்லை, ஆனால் அர்த்தநாரிக்கு முழங்கால் வலி, காரை ஓட்ட மகளை விட்டால் ஆளில்லை. ராக்கியப்பன் பெரியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு கிணற்றையும் தென்னையையும் காட்டப் போனார். வனிதாமணி கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுத்தரைக்கு வந்தாள். பொங்கியண்ணன் அப்போதுதான் பலகையைவிட்டு எழுந்து, காளையின் தோள்மேல் இருந்த கையை எடுத்தான். கை இருந்த இடத்தில், பாத்திரத்தில் கலக்கிவிட்ட மோர் ஓய்வதுபோல, மயிர் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்று, "திரும்பறப்ப அதுக்கு வலிக்குமுங்களா?" என்று கேட்டாள்.

"தெரியலீங்க. தலைய ஆட்டறதில்ல."

"உங்க கை இருக்கற எடத்துக்குத்தான் வருது."

இத்தனை மாதம் இத்தனை ஆயிரம் பேர் வந்து பார்த்ததில் ஒருத்தரும் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள். மறைக்க வேண்டுமென்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. "ஆமாங்க," என்றான்.

"தெனமும் இப்படி உக்காருவீங்களா?"

"பொழுதெறங்குனா உக்காருவனுங்க. அன்னைக்கு நடந்தத எதாச்சும் சொல்லுவன்."

"கேக்குமா?"

"கேக்குதோ என்னமோ. எந்திரிச்சுப் போறதில்லீங்க."

அவள் சிரிக்கவில்லை. காளையின் கழுத்துக்குக் கீழே தொங்குகிற அலைதாடியைத் தடவிக்கொண்டே, கிணற்றுப் பக்கம் அப்பா வருகிறாரா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "நா ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்காதீங்க. உங்கமேல கொறையில்ல. உங்களுக்குத் தனியா இருக்கறது ஆகலீங்க, பாத்தாலே தெரியுது. எனக்கு அது ஆகுது. சொசைட்டில இருந்து வந்து, கைகால் கழுவி, சோத்தப் போட்டுட்டு உக்காந்தா, மனசு நெறைஞ்சு கெடக்குது. அதுல இன்னொரு ஆள வெக்கறதுக்கு எடமே இல்லீங்க. இதச் சொன்னா எங்கப்பாவுக்கு வெளங்க மாட்டேங்குது. பயந்துட்டுச் சொல்றேன்னு நெனைக்கறாரு."

பொங்கியண்ணன் பலகையை எடுத்துச் சுவரோரம் வைத்தான்.

"இதுதான் கடைசின்னு சாமி முன்னால சொல்லிருக்காரு. இதுவும் அமையலீன்னா அப்புறம் பாக்க மாட்டாரு. நானா வேண்டாம்னா ஒடிஞ்சு போயிருவாரு. சுழி வேண்டாம்னு சொல்லுச்சுன்னா தாங்கிக்குவாரு." அவள் காளையின் இடுப்பைப் பார்த்தாள். "தாவணியன்னைக்கு அது பழைய எடத்துல இருந்துச்சுன்னா..."

கிணற்றுப் பக்கமிருந்து ராக்கியப்பன் தென்னைக்கு வயது சொல்லிக்கொண்டே வருகிற சத்தம் கேட்டது.

"உள்ள வாங்க," என்றான் பொங்கியண்ணன். "காப்பி வெக்கறன்."

அதற்கப்புறம் தாவணி வரைக்கும் எல்லாரும் அவன் கல்யாணத்தைப் பற்றியே பேசினார்கள். தங்கச்சி கரூரிலிருந்து வந்து வீட்டுக்கு வெள்ளையடித்து, அம்மாவின் பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தாள். ராக்கியப்பன் பொள்ளாச்சிப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவரைப் பிடித்தார்; அவர் ஏற்கெனவே ஏழெட்டுக் காளை வைத்திருந்தார், ராஜ சுழி ஒன்று குறைந்தது. அந்த வருசம் மழையும் நன்றாகப் பெய்து, சோளத்தட்டு மலிந்து, மாட்டுக்கு விலை ஏறியிருந்தது. சுழிக்காளையின் கன்றுகள் போன இடத்தில் எல்லாம் நன்றாக நிற்கின்றன என்ற பேச்சும் இருந்தது. ஊர்க்காரர்கள் மாரியம்மனிடம் சுழியை அன்றைக்கு நெற்றியில் நிறுத்தும்படி வேண்டிக்கொண்டு, வேண்டிக்கொண்டதை அவனிடம் வந்து சொல்லிவிட்டும் போனார்கள். யாரும் வாழ்நாளில் அவனுக்காக இவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை.

தாவணிக்கு முந்தின நாள் சாயங்காலம், கோயில் மேட்டில் கண்ணுக்கெட்டின தூரம் மாடுகள் நிற்க, புழுதியும் சாணி வாசமும் சர்பத் கடைப் பாட்டுமாக இருந்த அந்தக் கூட்டத்தின் நடுவில், பொங்கியண்ணன் காளையை முளைக்குச்சியில் கட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். கையைத் தூக்கிக் கொம்புக்கு நடுவில் வைத்தான். வைத்துக்கொண்டு, வெள்ளையடித்த வீட்டை நினைத்தான், அதில் ஒருத்தி கார்ச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போவதை நினைத்தான், இரண்டு தட்டு நினைத்தான், மழை பெய்கிற நாளில் பேசாமல் இருந்தாலும் அடுத்த அறையில் ஆள் இருக்கிற அந்தச் சத்தமில்லாத சத்தத்தை நினைத்தான். பிறகு அவள் சோற்றைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து மனசு நிறைந்து கிடப்பதை நினைத்தான். அப்படி ஒருத்தியை, அப்படி ஒரு இடத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவருவது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை. தோள்பட்டை கடுத்தது. கையை எடுத்து, கழுத்து வழியாக, திமிலைத் தாண்டி, முதுகு நெடுக மெல்ல இழுத்துக்கொண்டு போய், இடுப்பில், வாலுக்கு ஒரு சாண் முன்னால் வைத்தான்.

காலையில் ஏலக்காரர் மைக்கில் பேர் கூப்பிட்டபோது, பொங்கியண்ணன் காளையை முகம் முன்னால் தெரிய மேடைக்கு ஓட்டிவந்தான். மயிலை நிறம், கருத்த முழங்கால், வில்லாக வளைந்த கொம்பு. நெற்றியில் சுழி இல்லை என்பதைப் பார்த்த பிறகும், வேறு நல்ல இடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையில் கேள்வி ஏறிக்கொண்டே போனது. ஒருத்தர் கேட்கிறாரே என்று இன்னொருத்தர் கேட்டார், பண்ணைக்காரர் கேட்கிறாரே என்று எல்லாரும் கேட்டார்கள். காளையைத் திருப்பச் சொன்னார்கள். திருப்பினான். முதலில் முன்வரிசையில் பேச்சு நின்றது, பிறகு அதற்குப் பின்வரிசையில், அப்படியே கடைசியில் புளியமரத்தடியில் நின்றவர்கள் வரைக்கும் பேச்சு நின்றுகொண்டே போயிற்று. பண்ணைக்காரர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். ஏலக்காரர் ஒருதரம், ரெண்டுதரம் என்று கூவி, மூன்றாந்தரத்தைக் கூவாமல் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "ஓட்டிட்டுப் போ தம்பி," என்று தணிந்த குரலில் சொன்னார்.

அர்த்தநாரி வெற்றிலைத் தட்டை மஞ்சப்பைக்குள் திரும்ப வைத்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, கூடவே, நெடுநாள் சுமந்ததை இறக்கிவைத்த ஆளின் ஆறுதலும் இருந்தது. "நமக்கு உத்தரவில்லீங்க தம்பி. நீங்க நல்லா இருக்கோணும்," என்று பொங்கியண்ணனைக் கும்பிட்டுவிட்டு நடந்தார்.

வனிதாமணி அப்பாவுக்குப் பின்னால் போனவள், நாலடி திரும்பி வந்தாள். கண் கலங்கியிருந்தது. ஏதோ நிறையச் சொல்ல வந்தவள்போல் நின்று, "வர்றனுங்ணா," என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பக்கத்தில் காய்கறிக்காரனையும் கண்டக்டரையும் எல்லாரும் ங்ணா என்றுதான் கூப்பிடுவார்கள், அதில் அண்ணனும் இல்லை தங்கையும் இல்லை, மரியாதை மட்டும்தான். பொங்கியண்ணனுக்கு அது தெரியும். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு தார் ரோட்டில் ஏறி மறைகிற வரைக்கும் அதைத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டு நின்றான்.

மத்தியானத்துக்கு மேல் ஏலம் முடிந்து, விலை போகாத மாடுகளுக்குத் தரகர்கள் அங்கங்கே பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி அழுதுகொண்டே பஸ் ஏறிவிட்டாள். ஊர்க்காரர்கள் அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுச் சுற்றிக்கொண்டு போனார்கள். புளியமர நிழலில் காளையோடு நின்றவனிடம் ராக்கியப்பன் மட்டும் வந்தார்.

"ஒரே நாள்ல ரெண்டு யாவாரம் முறிஞ்சது என்றெ வாழ்க்கையில இதுதான் மொதத் தடவை," என்றார். கோபமாக ஆரம்பித்தவர் அவனைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கிக்கொண்டார். "போகுது உடு. பெருந்துறைக்காரர் ஒருத்தரு, சுழி பாக்க மாட்டாரு, கன்னு எப்படி நிக்குதுன்னு மட்டும் பாப்பாரு. அவரு சொன்னத நான் சொல்றன். கையக் குடு."

தாவணியில் தனியாகப் பேசுகிற விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, விரலைப் பிடித்தும் கணுவை அழுத்தியும் கேட்டுக்கொள்வார்கள், சொல்லிக்கொள்வார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். ராக்கியப்பன் தோளிலிருந்த துண்டை உதறிப் போட்டு, அதற்குள் பொங்கியண்ணனின் கையைப் பிடித்து, மூன்று விரலைச் சேர்த்து ஓர் அழுத்து அழுத்தி, பதிலுக்குக் காத்திருந்தார்.

பொங்கியண்ணனின் விரல்கள் ஏற்றியும் கேட்கவில்லை, இறக்கியும் கேட்கவில்லை. அவருடைய கையைப் பிடித்தபடி அப்படியே இருந்தன.

"வெலை சொல்லு அப்புனு," என்றார் ராக்கியப்பன்.

அவன் காளையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கை அவர் கையை விடவில்லை. ராக்கியப்பன் வாழ்நாளெல்லாம் துண்டுக்குள் கை பிடித்தவர். பொய் சொல்கிற கை, அவசரப்படுகிற கை, மகள் கல்யாணத்துக்கு விற்கிற கை, விற்க மனசில்லாத கை எல்லாம் அவருக்குத் தெரியும். இந்தக் கை விலை எதுவும் சொல்லவில்லை என்பது அவருக்குக் கொஞ்ச நேரத்தில் விளங்கியது. அவர் தன் விரல்களைத் தளர்த்தி, அழுத்தியிருந்த விலையை அழித்துவிட்டு, அந்தக் கையைச் சும்மா பிடித்துக்கொண்டார்.

துண்டுக்குள் கை இருக்கிற நேரம் நீள நீள, உள்ளே பேச்சு பெரிதாகிறது என்றுதான் தாவணியில் அர்த்தம். அந்தப் பக்கம் போன ஒருத்தர் நின்று பார்த்தார். அவர் நிற்பதைப் பார்த்து இன்னும் நாலு பேர் நின்றார்கள். இவ்வளவு நேரம் இழுக்கிறதென்றால் காளையில் நாம் பார்க்காத ஏதோ இருக்கிறது என்று ஒருத்தர் இன்னொருத்தர் காதில் சொல்ல, அது புளியமரத்தைச் சுற்றிப் பரவி, காரில் ஏறப்போன பண்ணைக்காரரின் காதுக்கும் போய், அவர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி நடந்துவந்தார். கூட்டம் கூடிவிட்டது. காளையின் கொம்பையும் நடையையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்து, இடுப்புச் சுழிக்குப் பரிகாரம் உண்டாமே என்றுகூட ஒருத்தர் சொன்னார்.

"இன்னும் முடியலீங்களா?" என்று பண்ணைக்காரர் கேட்டார்.

"இன்னும் இல்லீங்க," என்றார் ராக்கியப்பன், துண்டு நழுவிவிடாமல் அதன் ஓரத்தை மறு கையால் பிடித்துக்கொண்டு.